லொறியின் விலையும் மலையகத்தின் சுமையும்

மலையகத்தின் பொருளாதாரம் பற்றிப் பேசும்போதெல்லாம் தேயிலையின் விலையும் தொழிலாளரின் சம்பளமுமே பேசப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் நாள்தோறும் ஓடிக்கொண்டிருக்கும் லொறியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பறித்த கொழுந்து சில மணித்தியாலங்களுக்குள் தொழிற்சாலையை அடைய வேண்டும். தாமதித்தால் அது சூடேறிக் கெட்டுவிடும். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நான்கரை முதல் ஐந்து கிலோ வரையிலான பச்சைக் கொழுந்து தேவை. ஆகவே கொழும்பு ஏல விற்பனைக்குச் செல்லும் தேயிலையைப் போல நான்கு, ஐந்து மடங்கு பாரம் முதலில் தோட்டத்து வீதிகளிலேயே ஏற்றி இறக்கப்படுகிறது. நுவரெலியாவின் மரக்கறி கீழ்நாட்டுக்குச் செல்வதும், அரிசியும் கோதுமை மாவும் உரமும் மேலே வருவதும் லொறியில்தான். எனவே லொறி எங்கே செய்யப்படுகிறது, அதன் விலை எவ்வாறு தீர்மானிக்கப்படுகிறது என்பது லொறி உரிமையாளரின் கவலை மட்டுமல்ல.

ஒரு காலத்தில் இந்தச் சுமையின் பெரும்பகுதியை ரயில் சுமந்தது. ரயில் பாதை 1874 இல் நாவலப்பிட்டியையும், 1884 இல் ஹட்டனையும், 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. தோட்டங்களுக்காகவே நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக இராகலை வரை போடப்பட்ட குறுகிய பாதை, வருமானம் போதாமல் 1940களில் மூடப்பட்டது. அதன் பின்னர் மலையகம் மேலும் மேலும் லொறியையே நம்பி வாழப் பழகிக்கொண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலைநாட்டு ரயில் பாதையையும் வீதிகளையும் சிதைத்தபோது இந்த நம்பிக்கை எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை நாம் கண்கூடாகக் கண்டோம்.

இனி லொறி பிறக்கும் இடத்தைப் பார்ப்போம். நம் வீதிகளில் ஓடும் புதிய லொறிகளில் கணிசமானவை இந்தியத் தயாரிப்புகள். அவற்றுள் அசோக் லேலண்டின் தாயகம் தமிழ்நாடு. 1948 இல் ஒஸ்டின் கார்களைப் பொருத்துவதற்காக அசோக் மோட்டர்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் சென்னைக்கு வடக்கே எண்ணூரில் தொழிற்சாலை அமைத்தது. 1955 இல் பிரித்தானியாவின் லேலண்ட் நிறுவனம் பங்காளியானதும் இன்றைய பெயரைப் பெற்றது. 1980 இல் ஓசூரிலும் அதன் தொழிற்சாலை எழுந்தது. இலங்கையில் 1982 இல் அரசாங்கத்தின் பங்கும் இந்திய நிறுவனத்தின் பங்கும் இணைந்து லங்கா அசோக் லேலண்ட் நிறுவப்பட்டது. ஹோமாகம, பனாகொடையில் அதன் பொருத்தும் தொழிற்சாலை உள்ளது. டாட்டா வாகனங்களை டிமோ நிறுவனம் கொண்டுவருகிறது. 'டிமோ பட்டா' என்று நம் கடைத்தெருக்களில் வழங்கும் சிறு லொறி டாட்டாவின் தயாரிப்பே. ஜப்பானின் இசுசு, மிட்சுபிஷி கன்டர் ஆகியவற்றைப் பாவித்த நிலையில் இறக்குமதி செய்து ஓட்டுவோரும் அநேகர்.

இங்கே 'பொருத்துதல்' என்ற சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வது அவசியம். ஒரு லொறியை முழுமையாகவும் இறக்குமதி செய்யலாம்; பகுதி பகுதியாகப் பிரித்துப் பெட்டிகளில் அடைத்தும் இறக்குமதி செய்யலாம். இரண்டாவது முறையில் இயந்திரம், பற்சக்கரப்பெட்டி, அச்சு, சாரதி அறை முதலியன வெளிநாட்டிலிருந்து வருகின்றன. அவற்றை இங்குள்ள தொழிலாளர் பொருத்துகின்றனர். சுமையேற்றும் பின்புறப் பெட்டி, இருக்கை, மின்கலம், டயர் போன்றவற்றை உள்நாட்டிலும் பெறலாம். பெரும்பாலான நாடுகள் முழு வாகனத்துக்கு அதிக தீர்வையும் பிரித்த பாகங்களுக்குக் குறைந்த தீர்வையும் விதிக்கின்றன. இந்த இடைவெளியே பொருத்தும் தொழிற்சாலைகளை உருவாக்குகிறது. ஆனால் இடைவெளி பெரிதாகவும், உள்நாட்டில் சேர்க்கப்படும் பெறுமதி சிறிதாகவும் இருந்தால், நாடு இழக்கும் வரி வருமானம் ஒரு சில நிறுவனங்களின் இலாபமாகிவிடும். நான்கு ஆணிகளை முடுக்கிவிட்டு உள்நாட்டு உற்பத்தி என்று பெயர் சூட்டுவதால் எவருக்கும் நன்மையில்லை.

தொழிலாளரின் கூலி லொறியின் விலையை எந்தளவு உயர்த்துகிறது? வாகனத் தொழிலில் இறுதிப் பொருத்து வேலைக்கான கூலி, விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்பது பொதுவான கணிப்பு. பத்தில் ஒரு பங்கு என்றே கொள்வோம். அத்தொழிலாளரின் சம்பளத்தை 20 வீதம் உயர்த்தினால் 100 ரூபா விலை 102 ரூபாவாகும். அவ்வளவே.

தீர்வையின் கணக்கு இதற்கு மாறானது. துறைமுகத்தில் 100 ரூபா பெறுமதியுள்ள ஒரு வாகனத்துக்கு 20 வீதச் சுங்கத் தீர்வையும், அத்தீர்வையின் மீது 50 வீத மேலதிக அறவீடும் விதிக்கப்படுவதாகக் கொண்டால் விலை 130 ரூபாவாகிறது. அதன் மீது 18 வீதப் பெறுமதி சேர் வரியைச் சேர்த்தால் 153 ரூபாவைத் தாண்டுகிறது. உற்பத்தி வரியும் விற்பனையாளரின் இலாபமும் இதில் சேரவில்லை. இது விளக்கத்துக்காக எளிமையாக்கிய கணக்குத்தான். ஆயினும் வரியின் மீது வரி ஏறும் விதத்தை இது காட்டுகிறது.

நாணயப் பெறுமதியின் கணக்கு இன்னும் கடுமையானது. 20,000 டொலர் விலையுள்ள ஒரு லொறியை எடுத்துக்கொள்வோம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தபோது அது 40 இலட்சம் ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் டொலர் 360 ரூபாவை எட்டியபோது அதே லொறி 72 இலட்சம். 2025 இல் 300 ரூபாவை ஒட்டி நின்றபோது 60 இலட்சம். தொழிற்சாலையில் ஒரு தொழிலாளியின் கூலியும் உயராமலே விலை இவ்வாறு ஏறியிறங்கியது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2024 டிசம்பரில் தொடங்கிப் படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 2025 பெப்ரவரி 1 முதல் பரவலாக அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய லொறிகளே மலையேறின. பழைய லொறிகளுக்கே விலையும் ஏறியது. 2022 இன் தொடக்கத்தில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல் அவ்வாண்டு ஜூன் இறுதியில் 460 ரூபாவானதையும் எவரும் மறந்திருக்க முடியாது.

தீர்வையை வைத்து லொறித் தொழிலை நடத்துவது நமது நாடு மட்டுமல்ல. ஐரோப்பா தனது கோழியிறைச்சிக்குத் தீர்வை விதித்தமைக்குப் பதிலடியாக, அமெரிக்கா சிறிய ரக லொறிகளுக்கு 25 வீதத் தீர்வையை 1964 முதல் நடைமுறைப்படுத்தியது. கோழிச் சண்டை முடிந்த பின்னரும் அத்தீர்வை பல தசாப்தங்கள் நீடித்தது. அதிலிருந்து தப்புவதற்காகப் போர்ட் நிறுவனம் துருக்கியிலிருந்து தனது சரக்கு வாகனங்களில் பயணிகள் ஆசனங்களைப் பொருத்திக் கொண்டுவந்து, இறக்கியபின் அவற்றைக் கழற்றியது. இவ்விவகாரத்தில் 2024 இல் 365 மில்லியன் டொலரைச் செலுத்த அது உடன்பட்டது. 2025 நவம்பர் 1 முதல் கனரக லொறிகளுக்கும் அமெரிக்கா 25 வீதத் தீர்வையை அறிவித்தது. ஒருமுறை விதித்த தீர்வையை நீக்குவது கடினம் என்பதும், தீர்வையைத் தாண்டுவதற்கு வணிகம் ஆயிரம் வழி கண்டுபிடிக்கும் என்பதும் இதிலிருந்து பெறப்படும் பாடங்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகியவற்றுக்கிடையே 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த வர்த்தக உடன்படிக்கையில், தீர்வைச் சலுகை பெற வேண்டுமானால் லொறியின் பெறுமதியில் 45 வீதம், மணித்தியாலத்துக்குச் சராசரியாகக் குறைந்தது 16 டொலர் சம்பளம் பெறும் தொழிலாளரின் ஆலைகளிலிருந்து வர வேண்டும் என்று விதிக்கப்பட்டது. தீர்வைச் சலுகையையும் தொழிலாளரின் சம்பளத்தையும் ஒரே ஏட்டில் எழுத முடியும் என்பதற்கு இது சான்று.

இந்தக் கணக்குகளைத் தேயிலையோடு ஒப்பிட வேண்டியது நமது கடமை. தேயிலை உற்பத்திச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தொழிலாளர் செலவே எனப் பெருந்தோட்டக் கம்பனிகள் கூறிவருகின்றன. அதை அப்படியே ஏற்றுக்கொண்டால், சம்பளத்தை 20 வீதம் உயர்த்தும்போது 100 ரூபாச் செலவு 113 ரூபாவாகும். லொறித் தொழிலில் 2 ரூபாவாக இருந்த சுமை இங்கே 13 ரூபா. கம்பனிகளின் கவலை முற்றிலும் கற்பனையல்ல என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் தொழிலாளியின் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. 2021 இல் 1,000 ரூபாவாக்கப்பட்ட நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக்கவும், அரசாங்கத்தின் சார்பில் வருகைக் கொடுப்பனவாக 200 ரூபா சேர்க்கவும் முன்மொழிந்தது. 1,000 ரூபா 1,350 ரூபாவாகிய காலத்தில் டொலர் 200 ரூபாவிலிருந்து 300 ரூபாவை நெருங்கியது. அதாவது டொலரில் பார்த்தால் 5 டொலராக இருந்த நாட்சம்பளம் நாலரை டொலராகக் குறைந்தது.

லொறிக்கு விதித்த தீர்வையை லொறி உரிமையாளர் தன் சட்டைப்பையிலிருந்து கட்டுவதில்லை. ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் கம்பளையிலும் லொறி வைத்துத் தொழில் செய்யும் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களும் குத்தகைத் தவணையும் வட்டியும் கட்டியாக வேண்டும். அவர் அதை வாடகையில் ஏற்றுகிறார். வாடகை மாவின் விலையில் ஏறுகிறது. இறுதியில் லயன் அறையில் வாழும் தாய் ஒரு கிலோ மா வாங்கும்போது அதைச் செலுத்துகிறாள். மரக்கறி விவசாயிக்கோ அது எதிர்த்திசையில் வேலை செய்கிறது: சந்தை விலையில் வாடகை கழிந்த மீதியே அவர் கைக்கு வருகிறது. தன் வாழ்நாளில் லொறி வாங்க முடியாதவரே லொறியின் வரியைச் சுமக்கிறார் என்பதே இதன் சாரம்.

அரசாங்கத்துக்கு வருமானம் வேண்டும், வெளிநாட்டுச் செலாவணியைக் காக்கவும் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும் சொகுசு வாகனத்தையும், கொழுந்தும் மாவும் சுமக்கும் லொறியையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது. பொருத்தும் தொழிலுக்கு வழங்கப்படும் சலுகை, அங்கே உண்மையாகச் சேர்க்கப்படும் பெறுமதிக்கும், வழங்கப்படும் வேலைவாய்ப்புக்கும், சம்பளத்துக்கும் ஏற்ப அமைய வேண்டும். அக்கணக்கு ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். ஹட்டனிலுள்ள தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் போன்றவற்றில் வாகனத் தொழில்நுட்பம் கற்கும் மலையக இளைஞர்களுக்கு அத்தொழிற்சாலைகளின் கதவுகள் திறக்கப்பட வேண்டும். லொறிக்கு மாற்றாக மலைநாட்டு ரயில் பாதையில் சரக்குப் போக்குவரத்தை வலுப்படுத்துவதும் அவசியம். கொழுந்து ஏற்றும் லொறியில் தொழிலாளரை நிற்கவைத்து ஏற்றிச் செல்லும் வழக்கத்துக்கு இனியேனும் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். லொறி விலை குறைந்தால் முதலில் நிறைவேற்றப்பட வேண்டிய கடன் அதுவே.

விலை உயர்ந்தால் தொழிலாளியின் கூலியைக் குற்றஞ்சாட்டுவது எளிது. அவர் கண்ணெதிரே இருக்கிறார். தீர்வையும் நாணயப் பெறுமதியும் வட்டியும் கண்ணுக்குத் தெரிவதில்லை. மலையகத்தில் அடுத்த முறை சம்பளப் பேச்சுவார்த்தை நடைபெறும்போது, மேசையில் இருக்கும் தரப்பினர் அனைவரும் தங்கள் செலவுக் கணக்கை முழுமையாக விரித்து வைக்க வேண்டும் என வலியுறுத்துகிறோம். எந்தச் சுமை யாருடைய முதுகில் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவரும்.