கூதிர்ப் பருவமும் மிதிவண்டித் தொழிற்பயணமும்

1. தோற்றுவாய்

மிதிவண்டியின் வரலாறு கூறுவோர் அதன் விரைவையும் பந்தயங்களையும் புதுமையையும் பெரிதும் எடுத்துரைப்பர். நாள்தோறும் தொழிலிடம் சென்று மீள்வோரின் ஊர்தியாக அது நிலைபெற்ற வரலாறோ தனியே ஆராயத்தக்கது. பந்தயம் ஓட்டுவோன் மழைநாளை விலக்கலாம். தொழிலுக்குச் செல்வோன் விலக்க இயலாது. ஆகவே, மிதிவண்டி உண்மையில் எத்தகைய ஊர்தி என்பதை அறிய விரும்புவோர் அதனை மழையிற் காண வேண்டும்.

மழை மிகுந்த நாட்டில் மிதிவண்டித் தொழிற்பயணம் நிலைக்காது என்பது பலராலும் கூறப்படும் கருத்து. நகர்களில் மிதிவண்டி அருகியதற்கு வானிலையைக் காரணமாகக் காட்டுவோரும் உளர். இக்கருத்து வரலாற்றுச் சான்றுகளோடு ஒத்துவருமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பருவப் பெயர் பற்றி ஒரு சொல் ஈண்டு வேண்டும். ஐரோப்பியரின் செப்டம்பர், அக்டோபர், நவம்பர்த் திங்கள்களை இக்காலத் தமிழில் இலையுதிர்காலம் என்கிறோம். தமிழகத்தில் மரங்கள் பலவும் இலையுதிர்ப்பது பனி கழிந்து வெயில் ஏறும் நாளிலாதலின், அச்சொல் நம் நிலத்துப் பருவம் எதனையும் நேரே குறிப்பதன்று. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்பது தமிழ் மரபு. ஈரமும் குளிர்காற்றும் இருண்ட மாலையும் ஒருங்கு கூடிய பருவம் அது. ஆதலின் இருநாட்டு நிலையையும் குறிக்கக் கூதிர் என்னும் சொல்லையே யாம் ஆள்கின்றோம்.

2. பருவமும் தொழில்நேரமும்

பண்டைத் தமிழர் பொழுதுக்கோட்பாட்டில் மழைக்காலம் பயணத்தின் காலமன்று. பயணம் முடிந்து இல்லம் சேரும் காலம். முல்லைத் திணைக்குக் காரும் மாலையும் பொழுதுகளாயின. வினைமேற் சென்ற தலைவன் கார் தொடங்குமுன் மீள வேண்டும் என்பதே அத்திணைப் பாடல்கள் பலவற்றின் அடிப்படை. பௌத்தத் துறவியரும் சமணத் துறவியரும் மழைக்காலத்தில் ஓரிடத்தே தங்கும் நெறியை மேற்கொண்டனர். ஊர்தோறும் திரிவதைத் தம் அறமாகக் கொண்டவர்களும் மழைக்கு அடங்கினர் என்பது கருதத்தக்கது.

இவ்வொழுங்கைக் குலைத்தது ஆலைத்தொழில். உழவன் மழைக்கு ஏற்பத் தன் வேலையை மாற்றினான். ஆலையோ மழையைக் கருதி நேரத்தை மாற்றுவதில்லை. சங்கு ஊதியதும் வாயிலுக்குள் இருத்தல் வேண்டும். பிந்தி வருவோர் கூலியை இழப்பர். சென்னையில் பக்கிங்காம் ஆலை 1876-இலும் கர்நாடிக் ஆலை 1881-இலும் தோன்றியபின் இந்நகரத்து மக்களும் அவ்வொழுங்கினுள் வந்தனர். பருவத்திற்கு அடங்கிய பயணம் கடிகாரத்திற்கு அடங்கிய பயணமாயிற்று. மழையிலும் சென்றாக வேண்டிய கட்டாயம் இவ்வாறு பிறந்தது. அக்கட்டாயத்திற்கு உள்ளானோருள் தேரும் காரும் இல்லாதவர்க்கு வாய்த்த கருவியே மிதிவண்டி.

3. கருவி மழைக்கு ஏற்ப அமைந்தவாறு

மிதிவண்டியின் முன்னோடி பிறந்ததே வானிலைக் கேட்டினால் என்பர் ஒரு சாரார். 1815 ஏப்ரலில் சும்பாவாத் தீவின் தம்போரா எரிமலை வெடித்தது. அதனை அடுத்த 1816-ஆம் ஆண்டில் மேற்கு ஐரோப்பாவில் கோடை தோன்றவே இல்லை எனும்படி குளிரும் மழையும் மிகுந்து விளைச்சல் அழிந்தது. 1817 ஜூன் 12-ஆம் நாள் மன்ஹைம் நகரில் கார்ல் வான் டிரைஸ் என்பார் காலால் நிலத்தை உந்திச் செலுத்தும் இருசக்கர வண்டியை ஓட்டிக் காட்டினார். தீவனம் இன்மையால் குதிரைகள் அருகியதே இம்முயற்சிக்குத் தூண்டுகோல் என்பது ஹன்ஸ்-எர்ஹார்டு லெசிங் என்னும் ஆய்வாளரின் கருத்து. இதனை ஏற்போரும் உளர், மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், டிரைஸின் வண்டி தொழிலாளரின் ஊர்தி ஆகவில்லை.

1860-களில் பாரிசில் முன்சக்கரத்தில் மிதிகள் பொருத்தப்பட்டன. 1870-களில் இங்கிலாந்தில் பேருருளி வண்டி பரவியது. அதில் ஏறியவன் சேற்றுக்கு மிக உயரத்தே அமர்ந்தான்; சங்கிலி என்பதே அதில் இல்லை. ஆனால் விழுந்தால் தலைகுப்புற விழுவான். 1885-இல் கவன்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் வண்டி இக்குறையைப் போக்கியது. இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒத்த அளவின. மிதியின் ஆற்றல் சங்கிலி வழியே பின்சக்கரத்தை அடைந்தது.

இம்மாற்றத்தில் ஓர் இடர்ப்பாடும் உடன் வந்தது. ஓட்டுபவனும் சங்கிலியும் தாழ்ந்து, சேறு தெறிக்கும் எல்லைக்குள் வந்துவிட்டனர். மான்செஸ்டரில் வாழ்ந்த ஹன்ஸ் ரெனால்டு 1880-இல் செப்பம் செய்த உருளைச் சங்கிலி வலிமை மிக்கதே. எனினும் மணலும் நீரும் புகுந்தால் எண்ணெய் கழுவப்பட்டு விரைவில் தேயும். ஆகவே, வண்டியைச் செய்வோர் அதன்பின் சேர்த்த உறுப்புகள் பல மழையை எதிர்த்து எழுந்தவை. மட்கார்டு என்று நம் பட்டறைகளில் வழங்கும் தகடு சக்கரம் வாரியிறைக்கும் நீரைத் தடுத்தது. சங்கிலி முழுவதையும் பெட்டிபோல் மூடும் உறை அமைந்தது. வுல்வர்ஹாம்ப்டனில் ஜான் மார்ஸ்டன் செய்த சன்பீம் வண்டிகளில் அவ்வுறையினுள்ளேயே எண்ணெய் நிறைந்திருந்தது. மழையில் சென்றாலும் சங்கிலி உலராது.

காற்றடைத்த டயரின் வரலாறும் இதனோடு தொடர்புடையது. அதனை 1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் முன்னரே கண்டிருந்தும் வழக்கில் வரவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் மீண்டும் கண்டபின்னரே அது பரவியது. இரும்புப் பட்டையிட்ட சக்கரம் ஈரக் கல்தளத்தில் வழுக்கும். காற்றடைத்த ரப்பரோ தளத்தைப் பற்றி நிற்கும்.

நிறுத்துகருவியின் வரலாறு இன்னும் தெளிவாக மழையைக் காட்டும். எஃகு ரிம்மை ரப்பர்க் கட்டை பற்றி நிறுத்தும் வண்டிகளில், ரிம் நனைந்தால் பிடிப்பு மிகக் குறையும். வண்டி நெடுந்தொலைவு ஓடியே நிற்கும். மழைநாளில் அவ்வண்டி ஓட்டுவோர் முன்கூட்டியே பிரேக்கை மெல்ல அழுத்திக் கட்டையால் நீரைத் துடைத்துக்கொள்வது இதனாலேயே. நூற்றாண்டின் திருப்பத்தில், மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் சக்கரத்தின் குடத்தினுள்ளேயே தடை ஏற்படும் அமைப்பு பரவியது. அங்கே மழைநீர் எளிதிற் புகாது. 1902-இல் நாட்டிங்காமில் தோன்றிய ஸ்டர்மி-ஆர்ச்சர் மும்மாற்றுக் கியரும் அவ்வாறே குடத்தினுள் அடங்கியது.

கூதிரின் இருட்டுக்கும் விடை வேண்டியிருந்தது. நவம்பர் இடையில் ஆம்ஸ்டர்டாமில் மாலை 5 மணிக்கு முன்பே கதிரவன் மறைகின்றான். கார்பைடு விளக்கும், பின்னர் டைனமோவும் தொழில் முடிந்து மீள்வோர்க்கு வழிகாட்டின. இவற்றை நோக்குமிடத்து, தொழிலாளரின் மிதிவண்டி என்பது வேறன்று. மழையை எதிர்கொள்ளப் படிப்படியே திருத்தப்பட்ட ரோவர் வண்டியே என்பது பெறப்படும்.

4. ஒத்த மழை, ஒவ்வாத முடிவு

கருவி செப்பமுற்றபின் மழை இடையூறாக நின்றதா? இவ்வினாவிற்குப் பிரிட்டனும் நெதர்லாந்தும் தெளிவான விடை தருகின்றன.

பிரிட்டனில் 1949-ஆம் ஆண்டில் மிதிவண்டிகள் ஏறத்தாழ 2,400 கோடி கிலோமீட்டர் ஓடின என்பது அரசின் கணக்கு. 1973-இல் அது ஏறத்தாழ 370 கோடியாகச் சுருங்கிற்று. இருபத்து நான்கு ஆண்டுகளில் ஆறில் ஒரு பங்கிற்கும் குறைந்தது. இவ்விடைக்காலத்தில் அந்நாட்டு மழை ஆறு மடங்கு பெருகவில்லை; வண்டியின் மட்கார்டும் மறையவில்லை. பெருகியது கார்; மாறியது சாலை. மழையில் கண் மங்கிய நிலையில், விரையும் கார்களுக்கு இடையே ஓட்டுவது அச்சம் தருவதாயிற்று.

நெதர்லாந்திலும் அவ்வீழ்ச்சி நேர்ந்தது. 1950-களிலும் 1960-களிலும் கார்கள் பெருக மிதிவண்டிகள் அருகின. 1971-இல் மட்டும் சாலை நேர்ச்சிகளில் 3,000-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவருள் 400-க்கு மேற்பட்டோர் சிறுவர். பெற்றோர் தெருவில் இறங்கிக் கிளர்ச்சி செய்தனர். 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு நவம்பர் 4-ஆம் நாள், கார் ஓடாத ஞாயிறு கடைப்பிடிக்கப்பட்டது. அது கூதிரின் நடுப்பகுதி என்பதை நோக்குக. அதன்பின் 1970-களின் இடையில் ஹேக், தில்பர்க் முதலிய நகரங்களில் மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் அமைக்கப்பட்டன. படிப்படியே அவை நாடெங்கும் பரவின. இன்று அந்நாட்டு மக்களின் பயணங்களில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை மிதிவண்டியில் நிகழ்கின்றன.

ஆம்ஸ்டர்டாமில் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மி.மீ.; இலண்டனில் ஏறத்தாழ 600 மி.மீ. மிகுதியாக நனையும் நகரமே மிகுதியாக மிதிவண்டி ஓட்டுகின்றது. தாம் சர்க்கரையால் ஆனவரல்லர், ஆதலின் மழையில் கரையோம் என்னும் பொருள்படும் வழக்கு டச்சு மொழியில் உண்டு. ஆயினும், அவர்தம் ஊக்கமே அனைத்துக்கும் காரணம் என்று கொள்ளுதல் ஆகாது. 1949-இல் பிரிட்டானியத் தொழிலாளரும் கரையாமலேதான் சென்றனர். ஊக்கம் இரு நாட்டிலும் இருந்தது. பாதுகாப்பான பாதையே ஒன்றில் நிலைத்தது, மற்றொன்றில் நிலைக்கவில்லை.

5. தமிழ் நிலத்துக் கூதிர்

தமிழ் நிலத்து மழையின் இயல்பு வேறு. ஆம்ஸ்டர்டாம் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாகப் பெறும் மழையைச் சென்னை அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களில் பெறுகின்றது. அதுவும் தூறலாக அன்று. புயலும் தாழ்வழுத்தமும் கொணரும் பெருமழையாக. ஆகவே, இங்கு ஓட்டுவோனை வருத்துவது மேலிருந்து விழும் நீரினும் கீழே தேங்கும் நீரே. முழங்கால் நீரில் இறங்கிய வண்டியின் குடத்தில் நீர் புகும், கிரீஸ் கழுவப்படும், பால்ரசு துருவேறும். மழை ஓய்ந்ததும் பட்டறையில் வண்டியைப் பிரித்து ஓவராயில் செய்யும் செலவு ஓட்டுவோன் தலையில் விழும். நீருக்கடியில் மறைந்த பள்ளமும் மூடியிழந்த சாக்கடைக் குழியும் உயிருக்கே கேடாகும்.

வண்டியின் பெயர்களும் நோக்கத்தக்கன. மிதிவண்டி என்பது செயலால் வந்த பெயர். ஈருருளி உறுப்பால் வந்தது. ஈழத்தில் பெருவழக்காயுள்ள துவிச்சக்கரவண்டியும் அவ்வாறே. மக்கள் நாவிலோ சைக்கிள் என்பதே நிலைத்தது. 1949-இல் சென்னையில் தொடங்கப்பட்ட நிறுவனம் அம்பத்தூரில் வண்டிகளைச் செய்யத் தலைப்பட்டபின், இறக்குமதிப் பொருளாயிருந்த அது உள்ளூர்ப் பொருளாயிற்று.

யாழ்ப்பாணத்து வரலாறு எம் கருத்திற்கு வலுவூட்டும். 1990 முதல் 1995 வரை போரினால் எரிபொருள் தடை செய்யப்பட்ட காலத்தில் அங்கே ஆசிரியரும் மருத்துவரும் அலுவலரும் துவிச்சக்கரவண்டியிலேயே பணிக்குச் சென்றனர். மின்சாரம் இன்மையால் வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பகுதி பெய்வது கூதிரை ஒட்டிய திங்கள்களில்தான். அம்மழை அவர்களைத் தடுக்கவில்லை. சாலையில் கார் இன்மையால் வண்டிக்கு இடம் இருந்தது. இடுக்கணால் நேர்ந்த அந்நிலையை எவரும் விரும்பார். எனினும் அது காட்டும் உண்மையை மறுத்தல் இயலாது.

1991-ஐ ஒட்டிப் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்வோரும் கற்றனர். பேருந்து வரும்வரை மரத்தடியில் நனைந்து நிற்றல், வந்த பேருந்தில் இடமின்மை ஆகியவற்றினின்று அவர்க்கு விடுதலை கிடைத்தது. பேருந்துக்குக் காத்திருந்து நனைவதும் நனைதலே. மிதிவண்டியில் நனைபவள் வீடு சேர்கின்றாள்.

6. முடிபு

மேற்கூறியவற்றால், மிதிவண்டித் தொழிற்பயணம் அருகியதற்கு மழை காரணமன்று என்பது தெளிவாம். மழைக்கு விடை கருவியில் முன்னரே அமைந்துவிட்டது. விடை அமையாதது சாலையில்.

இம்முடிபு ஏட்டளவில் நிற்பதன்று. இந்தியாவின் 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், வேளாண்மையும் வீட்டுத்தொழிலும் அல்லாத பிற தொழில் செய்வோருள் ஏறத்தாழ 13 விழுக்காட்டினர் மிதிவண்டியில் பணிக்குச் சென்றனர். அவர் தொகை 2.6 கோடி. ஒரு கையில் குடையும் மறுகையில் வண்டிப்பிடியுமாகத் தேங்கிய நீரில் வழிதேடிச் செல்வோர் அவருள் பலர். நம் வானிலைக்கு மிதிவண்டி ஒவ்வாது என்று கூறிப் பாதை அமையாது விடுவோமாயின், ஒவ்வாத வானிலையிலும் சென்றுகொண்டேயிருக்கும் அவர்களை இல்லாதவராகக் கருதியோராவோம். காரணத்தைப் பிழைபடக் கொண்டால் மருந்தும் பிழைபடும். வடிகாலும் வழியும் அமைப்பது மனிதர் கடமை. அக்கடமையின் குறையை மழையின்மேல் ஏற்றுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது.