நெடுஞ்சங்கிலி கண்ட பேராசிரியர்



பருத்தி நூல், பட்டு இழை, ரப்பர், மரக்கட்டை, நைலான் கயிறு, பிளாஸ்டிக் குடம் ஆகியவற்றை வரிசையாக வைத்து, இவற்றுக்குள் பொதுவாக உள்ள தன்மை யாது என்று வினவினால், இன்று வேதியியல் பயிலும் மாணவன் தயங்காமல் விடை கூறுவான். "இவை யாவும் பலபடிகள், சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாய் அமைந்தவை" என்பான். அவன் எளிதாகச் சொல்லும் இவ்விடை நூறாண்டுகளுக்கு முன் பாடநூல்களில் இல்லை. அதனை முதன்முதலில் துணிந்து உரைத்த பேராசிரியருக்கு, அவரது துறையின் பெரியோர்கள் அக்கருத்தைக் கைவிடுமாறு அறிவுரை கூறினார்கள். ஹெர்மன் ஸ்டௌடிங்கர் என்னும் அந்த ஜெர்மானியப் பேராசிரியரின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்டௌடிங்கர் 1881-ஆம் ஆண்டு வோர்ம்ஸ் நகரில் பிறந்தார். தந்தையார் தத்துவ அறிஞர். பள்ளி ஆசிரியரும் ஆவார். மைந்தனுக்கோ செடி கொடிகளின் மீது நாட்டம். தாவரவியல் படிக்கவே விரும்பினார். தாவரங்களை ஆழ்ந்து அறிய வேண்டுமாயின் முதலில் வேதியியலைக் கற்றுக்கொள் என்று தந்தையார் அறிவுறுத்தினார். அவ்வாறு ஒரு துணைப் பாடமாகத் தொடங்கிய வேதியியலே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. 1903-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் கீட்டீன்கள் என்னும் புதிய வகைச் சேர்மங்களைக் கண்டறிந்து புகழ் எய்தினார். 1907-இல் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கல்லூரியிலும், 1912-இல் சூரிச் நகரின் புகழ்பெற்ற தொழில்நுட்பக் கல்லூரியிலும் பேராசிரியரானார்.

ஓர் ஆசிரியரின் தகுதியை அவருடைய மாணவர்களைக் கொண்டும் அளக்கலாம் என்பது ஆசிரியத் தொழிலில் பல்லாண்டு கழித்த என் கருத்து. கார்ல்ஸ்ரூவில் அவரிடம் பயின்று, சூரிச்சுக்கும் உடன்சென்று உதவியாளராய்ப் பணியாற்றிய ருஜீக்கா, 1939-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சூரிச்சில் அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற ரைக்ஸ்டைன், 1950-இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆசிரியருக்கு அப்பரிசு கிட்டியதோ, இவ்விருவருக்கும் பின்னர், 1953-இல்தான்! அந்தத் தாமதத்தின் காரணத்தில்தான் நம் கதை அடங்கியிருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்துறை இருந்த நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறையை அமெரிக்கரான குட்இயர் 1839-இலேயே கண்டிருந்தார். 1907-இல் பேக்லண்ட், பேக்கலைட் என்னும் செயற்கைப் பிளாஸ்டிக்கை உருவாக்கினார். தொழிற்சாலைகள் இவற்றைப் பெருமளவில் செய்தன. மக்களும் வாங்கிப் பயன்படுத்தினர். ஆயினும் இப்பொருள்களின் உள்ளமைப்பு யாது என்பது ஒருவருக்கும் தெளிவாகத் தெரியாது. கைவினை முன்னே செல்ல, அறிவு பின்னே வந்துகொண்டிருந்தது.

அக்காலப் பெரியோர் கொண்ட கருத்து இது: ரப்பரும் செல்லுலோசும் சிறு மூலக்கூறுகளால் ஆனவையே, அச்சிறு மூலக்கூறுகள் ஏதோ ஒரு வலுக்குறைந்த ஈர்ப்பினால் கும்பலாய் ஒட்டிக்கொண்டு, பெரியவை போலத் தோற்றம் அளிக்கின்றன. எடுத்துக்காட்டாக, ரப்பரை எட்டுக் கார்பன் அணுக்கள் கொண்ட சிறு வளையங்களின் திரள் என்று ஹாரிஸ் என்னும் அறிஞர் கருதினார். இக்கருத்தைக் கேட்டு நகைக்க வேண்டாம். வேதியியலார் அதுவரை கையாண்ட தூய பொருள்கள் யாவும் சிறு மூலக்கூறுகளால் ஆனவை. அவர்கள் தாம் அறிந்ததைக் கொண்டு அறியாததை விளக்க முயன்றார்கள். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கும் கற்பித்தார்கள். நல்ல வழிதான், ஆனால் தெரியாதது உண்மையிலேயே புதியதாக இருக்குமானால் அவ்வழி சில வேளை நம்மைப் பழைய வாசலிலேயே நிறுத்திவிடும்.

1920-ஆம் ஆண்டு, தம் முப்பத்தொன்பதாம் வயதில், பலபடியாதலைப் பற்றி ஸ்டௌடிங்கர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு கண்ணியை அடுத்த கண்ணியோடு பிணைப்பது ஏதோ மங்கலான ஈர்ப்பு அன்று. எல்லா மூலக்கூறுகளிலும் அணுக்களைப் பிணைக்கும் அதே சாதாரண வேதிப் பிணைப்புத்தான். ஆகவே ரப்பரின் மூலக்கூறு உண்மையிலேயே மிகப் பெரியது என்றார்.

சொன்னால் போதுமா? சோதனை வேண்டுமே! ரப்பரின் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. சிறு வளையங்களைக் கும்பலாய் ஒட்டவைப்பது அவ்விரட்டைப் பிணைப்புகளிலிருந்து எழும் ஈர்ப்பே என்பது எதிர்த்தரப்பின் விளக்கம். அப்படியாயின் ஹைட்ரஜனைச் சேர்த்து அவ்விரட்டைப் பிணைப்புகளை நீக்கிவிட்டால் ஈர்ப்பும் நீங்க வேண்டும். கும்பல் கலைய வேண்டும். எளிதில் காய்ச்சி வடிக்கத்தக்க ஒரு சாதாரணத் திரவம் கிடைக்க வேண்டும். 1922-இல் ஸ்டௌடிங்கரும் அவருடன் ஆய்ந்த ஃப்ரிட்சியும் இச்சோதனையைச் செய்தனர். கும்பல் கலையவில்லை. ஹைட்ரஜன் ஏற்ற ரப்பரும் மூல ரப்பரைப் போலவே, காய்ச்சி வடிக்க இயலாததாய், கொழகொழத்த கரைசல் தருவதாய் இருந்தது. பெருமூலக்கூறு என்னும் சொல் அவ்வாண்டில் பிறந்தது.

எதிர்ப்பு அதனால் அடங்கிவிடவில்லை. 1926-இல் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தில் வீலாண்டு என்னும் பேரறிஞர் விட்டுச் சென்ற இடத்துக்கு ஸ்டௌடிங்கர் வந்தார். அந்த வீலாண்டே, 5,000-க்கு மேற்பட்ட மூலக்கூறு எடையுள்ள கரிமப் பொருள் இருக்க முடியாது என்றும், ரப்பரை நன்கு தூய்மைப்படுத்தினால் அது படிகமாகித் தன் சிறுமையைக் காட்டிவிடும் என்றும் நட்பு முறையில் எடுத்துரைத்தார். கீட்டீன்களின் துறையில் நிலைபெற்ற புகழை விட்டுவிட்டுப் பிசுபிசுத்த, படிகமாகாத பொருள்களின் பின்னே செல்வது அறிவுடைமை அன்று என்றே பலரும் எண்ணினர்.

மற்றொரு தடையும் இருந்தது. எக்ஸ்-கதிரைச் செலுத்திப் பார்த்தபோது செல்லுலோசில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படை அறை மிகச் சிறியதாகத் தென்பட்டது. மூலக்கூறு அந்த அறையைவிடப் பெரியதாக எப்படி இருக்க முடியும் என்று கேட்டனர். பட்டுச் சேலையின் கரையில் ஒரு மாங்காய் வடிவம் வரிசையாக நெய்யப்பட்டிருக்கிறது. அதன் அளவு மூன்று விரற்கடை. அதனால் சேலையின் நீளமே மூன்று விரற்கடைதான் என்று கூறலாமோ? வடிவம் சிறியது, அது மீண்டும் மீண்டும் வருகிறது, இழையோ அறைகளைக் கடந்து நெடுக ஓடுகிறது. 1926-இல் டுஸ்ஸல்டார்ஃப் நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில், மூலக்கூறு அறையைவிடப் பெரியதாக இருக்கலாகும் என்பதை எக்ஸ்-கதிர் அறிஞரான ஹெர்மன் மார்க் எடுத்துக்காட்டினார். ஸ்டௌடிங்கரும் அங்கே தம் சான்றுகளை முன்வைத்தார். எதிர்த்தரப்பின் உறுதி அன்றிலிருந்து தளரத் தொடங்கியது.

ஃப்ரைபுர்க்கில் அவரும் மாணவர்களும் மேற்கொண்ட முக்கியப் பணி, இச்சங்கிலிகளின் நீளத்தை அளப்பதாகும். ஒரு கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்தால் நீர் நீராகவே ஓடுகிறது. அதே அளவு அரிசி மாவைக் காய்ச்சினால் கஞ்சி தடித்து நிற்கிறது. மாவுப் பொருளும் சர்க்கரை இனக் கண்ணிகளால் ஆனதே. சங்கிலி நீண்டிருப்பதே வேற்றுமை. கரைசல் ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய் வழியே இறங்கும் நேரத்தை அளந்து, அதிலிருந்து மூலக்கூறு எடையைக் கணிக்கும் ஒரு விதியை ஸ்டௌடிங்கர் 1930-இல் வெளியிட்டார். எளிய கருவி, ஆனால் எண்ணற்ற அளவீடுகள். உலகம் ஏற்காத ஒரு கொள்கையை நம்பி, குழாயையும் கடிகாரத்தையும் மாறி மாறி நோக்கிய அந்த மாணவர்களின் பொறுமையை நான் வியக்கிறேன்.

இதற்கிடையே வேறு திசைகளிலிருந்தும் சான்றுகள் வந்தன. ஸ்வீடனில் ஸ்வெட்பெரி, தாம் அமைத்த அதிவேகச் சுழற்பொறியால், குருதியிலுள்ள ஹீமோகுளோபினின் மூலக்கூறு எடை 60,000-க்கும் மேற்பட்டது என்று காட்டினார். அமெரிக்காவில் டுபான்ட் நிறுவனத்தின் கரோதர்ஸ், ஐயத்துக்கு இடமற்ற சாதாரண வினைகளைக் கொண்டே கண்ணி கண்ணியாகச் சங்கிலியைக் கட்டி, 1935-இல் நைலானை உருவாக்கினார். 1940-இல் நைலான் காலுறைகள் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. பல்கலைக்கழகத்தில் சர்ச்சையாய் இருந்தது அங்காடியில் சரக்காகிவிட்டது.

அவருடைய வாழ்வில் ஆய்வுக்கூடத்துக்கு வெளியேயும் சோதனைகள் இருந்தன. முதல் உலகப் போரின்போது, 1917-இல், அமெரிக்கா போரில் இறங்கிய பின் இரு தரப்பின் தொழில் வலிமையையும் ஒப்பிட்டு, ஜெர்மனி வெல்ல இயலாது, சமாதானமே தக்கது என்று சூரிச்சிலிருந்து எழுதினார். நச்சுவாயுப் போரையும் கண்டித்தார். தாய்நாட்டில் இது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் நாஜிகள் ஆட்சிக்கு வந்தபோது அப்பழைய எழுத்துகள் தோண்டி எடுக்கப்பட்டன. அப்போது ஃப்ரைபுர்க் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த தத்துவ அறிஞர் ஹைடெக்கர், 1934-இல் அவரைப் பதவி நீக்குமாறே பரிந்துரைத்தார். விலகல் கடிதத்தில் கையொப்பம் வாங்கிக்கொண்டு, பல மாதங்கள் அச்சத்தில் நிறுத்திய பின்னரே அரசு அவரைப் பணியில் தொடர விட்டது. 1944 நவம்பரில் விமானக் குண்டுகள் ஃப்ரைபுர்க் நகரைத் தாக்கியபோது அவருடைய ஆய்வுக்கூடமும் இடிந்தது. போர் முடிந்ததும் பணியை மீண்டும் தொடங்கினார். 1947-இல் பெருமூலக்கூறு வேதியியலுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். 1951-இல் ஓய்வு பெற்றார்.

இனி ஒன்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இவ்வுரை வெறும் புகழ்மாலையாகிவிடும். ஸ்டௌடிங்கர் தம் சங்கிலிகளை விறைப்பான கோல்கள் என்று எண்ணினார். அவை கரைசலில் வளைந்தும் சுருண்டும் கிடக்கும் நூல்களைப் போன்றவை என்று மார்க், கூன் முதலியோர் சொன்னதை அவர் எளிதில் ஏற்கவில்லை. அவருடைய குழாய் விதியையும் பின்வந்தோர் திருத்த வேண்டியிருந்தது. பெரியோர் சொல்லை எதிர்த்து நின்றவரே, இளையோர் சொல்லைக் கேட்கத் தயங்கினார். இதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. ஆனால் ஓர் உண்மை விளங்குகிறது. எதிர்த்து நிற்பவர் எல்லாரும் சரியானவரும் அல்லர். சரியாகச் சொன்னவர் எல்லாவற்றிலும் சரியானவரும் அல்லர். ஒவ்வொரு கூற்றும் தனித்தனியே சோதனையின் முன் வந்து நிற்க வேண்டும்.

1953-இல் எழுபத்திரண்டாம் வயதில் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதே ஆண்டில்தான் மரபுக்கூறுகளைத் தாங்கும் டி.என்.ஏ.வின் இரட்டைத் திருகு வடிவம் வெளியிடப்பட்டது. அதுவும் ஒரு பெருமூலக்கூறே. மரத்தின் செல்லுலோசும், தசையின் புரதமும், பரம்பரையின் ஏடும் நெடுஞ்சங்கிலிகளே என்று ஆயிற்று. தாவரவியலாளரான தம் மனைவி மாக்டாவுடன் இணைந்து, உயிர்களிடத்துப் பெருமூலக்கூறுகள் ஆற்றும் பணியையும் அவர் ஆராய்ந்தார். செடியை அறிவதற்காக வேதியியலுக்குள் நுழைந்த இளைஞர், சுற்றிச் செடியிடமே வந்து சேர்ந்தார். 1965-இல் ஃப்ரைபுர்க்கில் காலமானார்.

இன்று உங்கள் தலைமுறையின் முன் அதே சங்கிலி வேறொரு வினாவாய் நிற்கிறது. குளக்கரையிலும் கடற்கரையிலும் மட்காமல் கிடக்கும் பிளாஸ்டிக் பையைப் பாருங்கள். மரத்தின் சங்கிலியை அறுக்கப் பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் உண்டு. பையின் பாலிதீன் சங்கிலி கார்பனோடு கார்பன் இறுகப் பிணைந்தது. அதை அவ்வாறு விரைந்து அறுக்க மண்ணால் இயலவில்லை. கட்டக் கற்ற அறிவு இனி அவிழ்க்கவும் கற்க வேண்டும். அதற்கான விடை உங்கள் பாடநூலில் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. 1920-இல் ரப்பரின் அமைப்பும் அவ்வாறே எழுதப்படாமல் இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு உங்கள் ஆய்வுக்கூடத்துக்குள் நுழையுங்கள்.