சங்க இலக்கியத்தில் மதுவும் ஊனும்: சுடுதல், பொரித்தல் வேறுபாடு உணர்த்தும் விருந்து மரபு

முன்னுரை

சங்க காலத் தமிழர் கள்ளும் ஊனும் உண்டு மகிழ்ந்தனர் என்பது இலக்கிய வரலாற்று நூல்கள் பலவும் கூறும் செய்தி. ஆயின் எவ்வகை மதுவோடு எவ்வகை உணவு உண்ணப்பட்டது, அது யாருடைய இல்லத்தில் நிகழ்ந்தது என்னும் வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. ஊன் சமைக்கும் முறைகளைச் சங்கப் புலவர்கள் சூடு, புழுக்கு, வேவை, வறை, கருனை எனத் தனித்தனிச் சொற்களால் குறித்துள்ளனர். இவற்றுள் நெருப்பில் சுடுதலும் நெய்யில் பொரித்தலும் மதுவோடு கொண்ட உறவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மதுவின் சுவைமதிப்பு

தேறல் என்னும் சொல் தெளிவு என்னும் பொருளடியாகப் பிறந்தது. கலங்கலான கள்ளினின்று வடித்துத் தெளிந்ததை அது குறிக்கும். மதுவின் மணம், குளிர்ச்சி, தெளிவு, முதிர்ச்சி ஆகியவற்றைக் கொண்டு புலவர்கள் அதன் தரத்தைச் சுட்டினர். நாட்பட்ட தேறலின் கடுமையை ஔவையார் தேளின் கடுப்புக்கு ஒப்பிடுகிறார் (புறம். 392). சிறுபாணாற்றுப்படை அதனைச் சினந்த பாம்புக்கு ஒப்பிடுகிறது. பட்டினப்பாலை காட்டும் இரவில் புகார் நகரத்து மகளிர் மட்டினை நீக்கி மதுவைத் தேர்கின்றனர். இரண்டையும் வேறுபடுத்தி ஒன்றை விரும்பும் சுவையுணர்வு அந்நகரில் இருந்ததை இதனால் அறியலாம்.

பெரும்பாணாற்றுப்படை வலைஞர் இல்லத்துப் பிழியின் ஆக்கத்தையே விளக்குகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்கி ஆற்றுகின்றனர். அதில் முளைநெல் அடையைக் கலந்து, வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து முதிரச் செய்கின்றனர். முளைத்த தானியத்தைக் கொண்டு மாப்பொருளைப் புளிக்கச் செய்யும் முறையே இது.

யவனர் தேறல்

பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொணர்ந்த மணமிக்க தேறலை மகளிர் பொற்கலத்தில் ஏந்தி ஊட்டுவதைக் கூறுகிறார் (புறம். 56). அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் நடத்திய அகழாய்வுகளில் மத்தியதரைக் கடற்பகுதியின் ஆம்போரா சாடி ஓடுகள் கிடைத்தன. இச்சான்றுகளைக் கொண்டு யவன மது தமிழகத்தில் பரவலாக அருந்தப்பட்டது எனக் கொள்வது பொருந்தாது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சார்ந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்க நூல் முசிறியின் இறக்குமதிகளுள் மதுவைக் குறிப்பிடினும், அதன் அளவு மிகுதியன்று என்றே கூறுகிறது. மேலும் ஆம்போராக்களுள் சில ஆலிவ் எண்ணெயும் மீன்சாறும் கொணர்ந்தவை. நக்கீரர் பாடலிலும் யவனர் தேறலோடு உண்ட உணவு எதுவும் சுட்டப்படவில்லை. உணவோடு இணைத்துப் பாடப்பட்டவை பெரிதும் உள்நாட்டு மதுவகைகளே.

மகிழ்ப்பதமும் அவிழ்ப்பதமும்

பொருநராற்றுப்படை இவ்வாய்வுக்குத் திறவுகோலாக அமைகிறது. கரிகாலன் அவையில் பொருநன் பெற்ற விருந்தை முடத்தாமக்கண்ணியார் இரு பகுதிகளாகப் பிரித்துரைக்கிறார். முதலாவது மகிழ்ப்பதம், அதாவது மதுவுண்டு களிக்கும் காலம். அப்போது பரிமாறப்பட்டவை வேகவைத்த செம்மறிக் கறியும் இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த தசைத்துண்டுகளுமாகும். அவற்றின் வெப்பம் தாளாமல் வாயின் இருபுறமும் மாற்றி மாற்றி உண்டதாகப் பொருநன் கூறுகிறான். பல நாள் இவ்வாறு கழிந்தபின் வருவது அவிழ்ப்பதம், சோறுண்ணும் காலம். முல்லை அரும்பு போன்ற சோற்றுடன் அப்போதுதான் பொரிக்கறியாகிய கருனை வருகிறது. எனவே இவ்வவையில் சுட்டது மதுவுக்கும் பொரித்தது சோற்றுக்கும் உரியன.

இப்பாகுபாடு பிற பாட்டுகளிலும் பெரிதும் பொருந்துகிறது. வலைஞர் தம் பிழியோடு அளிப்பது சுட்ட மீன். அதே பாட்டில் அந்தணர் இல்லத்தில் மாதுளங்காய் வெண்ணெயில் வெந்து மிளகும் கறிவேப்பிலையும் கலந்து சோற்றுடன் வருகிறது. அங்கு மது இல்லை. மலைபடுகடாம் நெய்யில் வெந்த ஊனைத் தினைச்சோற்றோடு சேர்க்கிறது. மூங்கிற்குழாயில் முதிர்ந்த தேறலை அதன்பின் தனியே கூறுகிறது. மறுநாள் விடியலில் அம்மயக்கம் தீரத் தரப்படுவது புளியும் மோரும் கலந்து மூங்கிலரிசியால் சமைத்த உணவு. கிள்ளிவளவனைப் பாடிய கோவூர்கிழார், நிறைந்த குளத்தில் விழும் மழைத்துளி போல் நெய் துள்ளும் வறையைக் காட்டுகிறார்; அங்கும் உடன் வருவது பாலே (புறம். 386).

அடையா வாயில்கள்

இப்பொதுநிலைக்கு மாறான இரு சான்றுகள் உள்ளன. பட்டினப்பாலையில் புகாரின் மதுவிற்கும் மனை ஒன்று. அதன் முன்றிலில் மீனும் இறைச்சியும் பொரிக்கும் ஓசை எழுகிறது. மணல் பரப்பி மலர் தூவிய அம்மனையில் பலரும் புகுகின்றனர். மேலே நறவு விற்பதைக் குறிக்கும் கொடி பறக்கிறது. மற்றொன்று ஆவூர் மூலங்கிழாரின் கையறுநிலைப் பாடல் (புறம். 261). இறந்துபட்ட தலைவனின் இல்லத்தில் முன்பு நறவு நிறைந்த மண்டை ஓயாதிருந்தது. காய்ந்த நெய்யில் இறைச்சியைச் சொரிந்தபோது எழுந்த ஓசை மதயானையின் பெருமூச்சை ஒத்திருந்தது.

பொரி என்னும் சொல் வெறுஞ்சட்டியில் வறுத்தலையும் குறிக்கக்கூடும். எனினும் புலவர்கள் ஓசையை முதன்மைப்படுத்துவது கொழுப்பில் பொரித்தலையே உணர்த்துகிறது. மூலங்கிழார் நெய்யை வெளிப்படையாகவே கூறுகிறார்.

இவ்விரு இடங்களுக்கும் பொதுவான தன்மை ஒன்றுண்டு. ஒன்று பலர் புகும் மனை. மற்றது வருவோரைத் தடுக்காத, அடையாத வாயிலையுடைய இல்லம். சுடுவதற்குக் கம்பியும் தீயும் போதும். வேட்டைக்களத்திலும் அது இயலும். பொரிப்பதற்கு நிலையான அடுப்பும் கலமும் மிகுதியான நெய்யும் வேண்டும். வருவோர் எத்துணையர் என்று அறியாத வாயிலிலேயே அவ்வடுப்பு ஓயாது எரியும். ஆகவே பொரித்த ஊனும் மதுவும் இணைவது வணிகத்தாலோ வள்ளண்மையாலோ திறந்துவைக்கப்பட்ட வாயிலில் எனக் கருதலாம்.

முடிவுரை

சான்றுகளின் எண்ணிக்கை சிறிது. எனவே இதனை விதியாகக் கொள்ளாமல் ஒரு போக்காகக் கொள்வதே முறை. எனினும் சங்க கால மது விருந்தை யவன வாணிகத்தின் விளைவாக மட்டும் காண்பதும், கள்ளும் ஊனும் என ஒரே தொடரில் அடக்குவதும் போதா என்பது தெளிவு. அரசவையில் சோற்றுக்கு உரியதாக இருந்த பொரிக்கறி, துறைமுக நகரின் கடைமுன்றிலில் விலைகொடுப்போர் எவர்க்கும் மதுவோடு கிட்டியது. மூலங்கிழார் தலைவனின் கொடையை நினைவுகூரத் தேர்ந்ததும் நெய்யில் ஊன் வீழும் ஓசையையே. அவ்வோசை அடங்கியது என்பதே அவ்வாயிலுக்கு இனி எவரும் வாரார் என்பதன் அடையாளமாக அப்பாடலில் நிற்கிறது.