நூலே நூலான நாடு

தமிழில் நூல் என்பது இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஒன்றாகவே விளங்கிய நாடொன்று உலகில் இருந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் இன்கா மன்னர்கள் ஆண்ட பேரரசே அது.

இன்காக்கள் திடீரெனத் தோன்றியவர்கள் அல்லர். பெரு நாட்டின் காரலில் ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பே மேடைக்கோயில்கள் எழுந்துவிட்டன. சவீன், தியவானாகு, வாரி என அடுத்தடுத்து வந்தோர் விட்டுச்சென்ற படிவயல்களையும் சாலைகளையும் முடிச்சுக் கயிறுகளையும் 15-ஆம் நூற்றாண்டில் இன்காக்கள் தமதாக்கிக்கொண்டனர். கூஸ்கோ நகரிலிருந்து ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நீளமுள்ள நிலப்பரப்பை அவர்கள் ஆண்டனர். அங்கே எழுத்தில்லை, நாணயமில்லை, சக்கர வண்டியும் இல்லை. வரி என்பது உழைப்பு. ஒவ்வொரு குடும்பமும் முறைவைத்து அரசுக்கு வேலை செய்தது. விளைந்தவை களஞ்சியங்களில் குவிந்தன. உவானுக்கோ பம்பா என்னும் ஓரிடத்தில் மட்டும் ஏறத்தாழ 500 களஞ்சியங்கள் இருந்தன. இரவுப் பனியில் உறையவைத்துப் பகல் வெயிலில் உலர்த்திய உருளைக்கிழங்கு ஆண்டுக்கணக்கில் கெடாதிருந்தது.

இதனைக் கண்டு, பசியறியாப் பொன்னாடு எனப் போற்றுவோர் உண்டு. நாம் அவ்வளவு தூரம் செல்லத் தயங்குகிறோம். ஊர் ஊராக மக்களை வேரோடு பெயர்த்துத் தொலைவில் குடியமர்த்தியதும் அதே அரசுதான். 1999-இல் யுயையாகோ மலையுச்சியில் கண்டெடுக்கப்பட்ட மூன்று சிறுவர் உடல்கள் அந்நாளைய நரபலிக்குச் சான்று.

இத்தனைக்கும் கணக்கு வைத்தது கிப்பு. அந்நாட்டுக் கெச்சுவா மொழியில் இதற்கு முடிச்சு என்று பொருள். தலைக்கயிறு ஒன்றிலிருந்து பல நிற இழைகள் தொங்கும். அடியில் ஒன்றுகள், அதற்கு மேல் பத்துகள், அதற்கும் மேல் நூறுகள். முடிச்சில்லா வெற்றிடமே சுழியம். இந்த எண்முறையை 1912-இல் லீலண்ட் லாக் என்னும் அமெரிக்க அறிஞர் விளக்கினார். எண்களுக்கு அப்பால் கதையும் வரலாறும் சொன்ன கிப்புகளை இன்றும் எவராலும் முழுமையாகப் படிக்க இயலவில்லை.

1532 நவம்பர் 16 அன்று காகமார்க்கா நகரில் பிசாரோவின் 168 வீரர்கள் மன்னர் அத்தவால்பாவைச் சிறைப்பிடித்தனர். அதற்குச் சற்றுமுன் தொமினிக்கன் துறவி வால்வெர்தே நீட்டிய திருநூலை மன்னர் தரையில் எறிந்தார் என்பர். நூலை நூலாகவே அறிந்த ஒருவர், தாள்களின் கட்டை வேறு எவ்வாறு நோக்கியிருப்பார்? மறு ஆண்டு அவருக்குத் திருமுழுக்கு அளித்துவிட்டுக் கழுத்தை நெரித்துக் கொன்றனர்.

கயிறுகளோ மாளவில்லை. இன்காக்களின் பிடியிலிருந்து விடுபட விரும்பி இஸ்பானியருக்கு உதவியவர்கள் ஹவுஹா பகுதித் தலைவர்கள். 1561-இல் அவர்கள் லீமா நகர் நீதிமன்றத்தில் கிப்புகளோடு நின்றனர். 1533 முதல் தாங்கள் கொடுத்த தானியம், துணி, லாமா எல்லாவற்றையும் அவற்றிலிருந்து வாசித்தனர். மனமுவந்து கொடுத்தவை ஒருபுறம்; கொள்ளையிடப்பட்டவை மறுபுறம்! நீதிமன்றம் அதனைச் சான்றாக ஏற்றது.

நம் திருச்சபையின் பங்கை இங்கே மறைத்தல் தகாது. பேராயர் புனித டொரிபியோ தலைமையில் 1582-83-இல் கூடிய மூன்றாம் லீமா சங்கம், பழைய வழிபாட்டு நினைவைக் காக்கும் கிப்புகளை மக்களிடமிருந்து அகற்றுமாறு ஆயர்களுக்குக் கட்டளையிட்டது. அதே சங்கத்தின் சார்பில் 1585-இல் அச்சான மறையுரைத் தொகுப்போ, பாவங்களை மறவாது அறிக்கையிடக் கிப்பு முடிந்து வருமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது. எவை மூடநம்பிக்கை, எவை நினைவு எனப் பிரித்தறிய, கிப்பைப் படிக்கத் தெரிந்த குருக்கள் எத்தனை பேர் இருந்திருப்பர்?

அச்சங்கத்தில் பணியாற்றிய இயேசு சபைக் குரு ஹோசே தெ அக்கோஸ்தா, தாம் நேரில் கண்டதொன்றை 1590-இல் வெளியான நூலில் குறித்துள்ளார். தன் வாழ்நாள் முழுமைக்குமான பாவசங்கீர்த்தனத்தை ஒரு பெண் கயிற்றுக்கட்டாக முடிந்து வந்திருந்தாள். சில சிற்றிழைகள் மட்டும் வேறுபட்டிருப்பதைக் கண்டு, அவை என்னவென்று அவர் வினவினார். பாவத்தை முழுமையாக அறிக்கையிட அதன் சூழ்நிலையையும் கூற வேண்டுமல்லவா, அதற்காக முடிந்தவை அவை என்று அவருக்கு விடை கிடைத்தது.