மான் வாய் வைக்காத வேலி

போன மாசம் சென்னையிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். திண்டிவனத்திலிருந்து செஞ்சி போற வழியில் காட்டோரமா அரை ஏக்கர் வாங்கியிருக்கார். வேலை ஓய்ந்த பிறகு வந்து இருக்கலாம்னு ஆசை. செம்பருத்தி, ரோஜா, நாலு வரிசை காராமணி எல்லாம் வச்சிருக்கார். மூணே ராத்திரிதான், குச்சி மட்டும் மிச்சம். மண்ணில் பிளந்த குளம்புத் தடம். புள்ளிமான்.

"அண்ணே, மான் திங்காத செடி எதுண்ணே? செல்லுல தேடினா லாவண்டர், ரோஸ்மேரின்னு வருது."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நம்ம சித்திரை வெயிலுக்கு லாவண்டர் தாங்குமா? ஆனா அவர் போன பிறகு ராத்திரி பூரா யோசனை. ஏன்னா அந்தக் கேள்விக்குப் பதில் எங்க தாத்தா கொல்லையைச் சுத்தி நின்னுக்கிட்டிருந்தது. அதை வெட்டி எரிச்சது நாங்கதான்.

எங்களுக்கு மூணு காணி மானாவாரிக் கொல்லை. (காணின்னா ஒண்ணே கால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூட.) தாத்தா காலத்தில் நாலு பக்கமும் உயிர்வேலி. வெளிப்பக்கம் திருகுக்கள்ளி ஆள் உயரத்துக்கு நெருக்கமா நிக்கும். உள்பக்கம் நொச்சியும் ஆடாதொடையும். சந்து விழுந்த இடத்தில் கத்தாழை. மான் முதலில் மூக்கால்தான் சாப்பிடும். நாத்தம் பிடிக்கலைன்னா வாய் வைக்காது. நொச்சி, ஆடாதொடை இரண்டுக்கும் அந்த நாத்தமும் கசப்பும் உண்டு. கள்ளியை ஒடிச்சா வர்ற பால் வாயைப் பொத்துப்போக வைக்கும். ஆடு மாடுக்குப் போட்ட வேலிதான், ஆனா மானுக்கும் அதுவே போதும்.

ஆடாதொடைங்கிற பேரைப் பாருங்க. ஆடு தொடாத இலைன்னு எங்க பக்கம் அர்த்தம் சொல்லுவாங்க. சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் பேர் வச்சுப் புத்தகம் போட்டப்ப இதுக்கு 'ஜஸ்டீசியா அதாதோடா'ன்னுதான் வச்சார். திருகுக்கள்ளியும் அதே புத்தகத்தில் 'யூபோர்பியா திருக்கள்ளி'. இத்தனைக்கும் அந்தக் கள்ளியின் பூர்வீகம் ஆப்பிரிக்கான்னு சொல்றாங்க. எப்பவோ கடல் தாண்டி வந்து நம்ம வேலியில் நின்னு, நம்ம பேரை வாங்கிக்கிட்டுப் போயிருக்கு.

நொச்சி கதை இன்னும் பழசு. நம்ம இலக்கணத்தில் கோட்டையை முற்றுகை போடுறவன் உழிஞை சூடுவான், உள்ளே நின்னு காக்கிறவன் நொச்சிப் பூ சூடுவான். காக்கிற வேலைக்கே நொச்சின்னு ஒரு திணை. செஞ்சிக் கோட்டைக்குப் போறப்பெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் அந்தக் கோட்டை சேர்ந்ததில் எங்களுக்கெல்லாம் பெருமைதான். எங்க தாத்தாவுக்குத் திணையும் தெரியாது, துறையும் தெரியாது. ஆனா காவலுக்கு நொச்சியைத்தான் நட்டார்.

எல்லா வேலியும் நல்ல வேலின்னு நினைச்சிடாதீங்க. சப்பாத்திக்கள்ளி இருக்கே, நாகதாளின்னும் சொல்லுவாங்க, அது அமெரிக்காக் கண்டத்துச் சரக்கு. அதில் வளர்ற ஒரு பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுக்கலாம். ஸ்பெயின்காரன் அதில் கொழிச்சுக்கிட்டிருந்தான். கம்பெனிக்காரனுக்குப் பொறுக்கலை. 1780களில் சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஒரு மருத்துவர், சைதாப்பேட்டையில் இந்தக் கள்ளிக்குன்னே தோட்டம் போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் இந்தியாவுக்கு வந்தது. வந்தது தப்பான ஜாதிப் பூச்சி. சாயம் சரியா வரலை, கள்ளியைத் தின்னு தீர்த்ததுதான் மிச்சம். அப்புறம் அந்தப் பூச்சிக்கு மசியாத இன்னொரு சப்பாத்திக்கள்ளி ஊர் ஊரா பரவி, மேய்ச்சல் நிலம், ஏரிக்கரை எல்லாத்தையும் பிடிச்சுக்கிச்சு. 1926இல் வேற பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கினது. வேலியே பயிரை மேயும்னு சும்மாவா சொன்னாங்க.

உண்ணிச்செடியும் அப்படித்தான். பூவுக்கு ஆசைப்பட்டு 1800களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரத் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. மான் தொடாது, உண்மைதான். ஆனா தொடாததாலேயே காடு பூரா ஏறிடுச்சு. முதுமலை, பந்திப்பூர் வரைக்கும் அதே பாடு. அது மூடின இடத்தில் புல் முளைக்காது. புல் இல்லாத மான் எங்கே போகும்? நம்ம கொல்லைக்குத்தான் வரும். இன்னைக்கு நர்சரியில் 'லேண்டனா'ன்னு தொட்டியில் வச்சு விக்கிறது இதே ஜாதிதான். அந்தத் தம்பிகிட்ட நான் முதலில் சொன்னது, அதை மட்டும் நடாதீங்க.

எங்க வேலி போன கதைக்கு வர்றேன். எங்க ஜில்லாவுக்கு மல்லாட்டைதான் உயிர். நீங்க வேர்க்கடலைங்கிறதுதான் எங்க ஊரில் மல்லாட்டை. மணிலாக்கொட்டை தேய்ஞ்சு அப்படி ஆச்சுன்னு சொல்லுவாங்க. அந்தக் காலத்தில் புதுச்சேரியிலிருந்து கப்பலேறிப் பிரான்சு மார்செய் வரைக்கும் போன சரக்கு. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடிச்ச டி.எம்.வி. 2 ரகம் இந்தியா முழுக்கப் பேர் வாங்கினது. எண்பதுகளில், நான் பத்தாவது படிக்கிறப்ப, கள்ளி அடைச்சுக்கிட்டிருக்கிற இடத்தில் இன்னும் நாலு சால் மல்லாட்டை போடலாமேன்னு அப்பா கணக்குப் போட்டார். பாம்பு அண்டுதுன்னு அம்மாவும் சொன்னாங்க. ஒரே வாரத்தில் வெட்டிக் கொளுத்திட்டு முள்கம்பி இழுத்தோம். தாத்தா அந்த வாரம் முழுக்கக் கொல்லைப் பக்கமே வரலை.

அப்போ மான் காட்டைவிட்டு இறங்கலை, அதனால் எதுவும் தெரியலை. இப்போ பத்து வருஷமா இறங்குது. மல்லாட்டைக் கொழுந்துன்னா அதுக்குக் கல்யாணச் சாப்பாடு. 1972 சட்டப்படி மானை அடிக்கக் கூடாது, அடிக்கவும் மனசு வராது. ஆனா ஆத்திரத்தில் சில பேர் லைனிலிருந்து திருட்டுக் கரண்ட் எடுத்து வேலியில் விடுறாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க பக்கத்தில் ஒரு பையன், விடியறதுக்குள்ள மோட்டார் போடப் போனவன், அடுத்தவன் கொல்லைக் கம்பியில் கால் பட்டுச் செத்துட்டான். மானுக்கு வச்ச கம்பி. அவங்க அம்மா இன்னைக்கும் என்னைப் பார்த்தா "வாண்ணா"ன்னு கூப்பிடுவாங்க. எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியறதில்லை. ஏன்னா அதுக்கு முந்தின மாசம் நானும் கம்பி விலை விசாரிச்சு வச்சிருந்தேன்.

அதுக்கப்புறம்தான் மழைக்காலத்தில் போத்து வெட்டி நட ஆரம்பிச்சேன். திருகுக்கள்ளியை வெட்டி நாலு நாள் நிழலில் போட்டு, பால் உலர்ந்த பிறகு அரையடி இடைவெளியில் ஊன்றணும். வெட்டும்போது கண்ணில் பால் தெறிச்சா ஆஸ்பத்திரிதான், பசங்களைக் கிட்ட சேர்க்காதீங்க. உள்வரிசைக்கு நொச்சியும் ஆடாதொடையும் குச்சி ஊன்றினாலே வரும். வேலி அடைக்க மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் மல்லாட்டையைச் சுத்தி ஓரக்காலில் ஆமணக்கு, அதுக்குள்ள எள். ரெண்டையும் மான் பெரிசா சீண்டுறதில்லை. பூச்செடி ஆசை இருக்கிறவங்க துலுக்கச் சாமந்தி, துளசி, நித்தியகல்யாணி வைக்கலாம். அரளியையும் மான் தொடாது, ஆனா மாடு தின்னா செத்துடும், அதனால் நான் வைக்கலை. இன்னொன்னு, அக்னி நட்சத்திரத்தில் பசி முத்தினா மான் கசப்பையும் கடிச்சுப் பார்க்கும். நூத்துக்கு நூறுன்னு நான் சொல்லமாட்டேன்.

எனக்கு மேற்குப் பக்கம் அடைச்சாச்சு. கிழக்கில் இன்னும் நாப்பது அடி சந்து கிடக்கு. தம்பிக்கு ரெண்டு கட்டு போத்து கொடுத்தனுப்பினேன். கார் டிக்கியில் பேப்பர் விரிச்சு, பால் படாம வச்சு எடுத்துக்கிட்டுப் போனார்.