ஊஞ்சலில் ஆடிய நாய்கள்

மேட்டுப்பாளையம் தாண்டிக் கோத்தகிரிச் சாலையில் வண்டி ஏறத் தொடங்கியதும் என் நாய் செம்பிக்கு எச்சில் ஒழுகும். உதட்டை நக்குவாள், ஓயாமல் கொட்டாவி விடுவாள். நாலைந்து வளைவுக்குள் காலையில் தின்ற சோறு முழுக்க இருக்கையில் கிடக்கும். மலைப் பேருந்தில் அம்மா எனக்குச் செய்ததுபோல் எலுமிச்சம்பழத்தை அவள் மூக்கருகே நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையின் பெயர் மாரோபிடன்ட். அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஹார்வர்டின் வில்லியம் ஜேம்ஸ், காது கேளாத 500-க்கும் மேற்பட்டவர்களைச் சுழற்றிப் பார்த்து, முடிவை 1882-ல் வெளியிட்டார். அவர்களில் பலருக்குத் தலையே சுற்றவில்லை. கொந்தளிக்கும் கடலில் போயும் குமட்டாதவர்கள் இருந்தார்கள். அப்படியானால் கோளாறு தொடங்குமிடம் வயிறல்ல, உட்காது. அங்கே திரவம் நிறைந்த அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை திரும்புவதை மூளைக்குச் சொல்வது அவைதான்.

இதை நிரூபிக்க மனிதர் காதை அறுக்க முடியுமா? நாய் அகப்பட்டது. நம்மைப் போலவே அதற்கும் பயணத்தில் வாந்தி வரும் என்பதுதான் அது செய்த பாவம். 1931-ல் ஸ்வீடன் மருத்துவர் ஷோபெர்க், உட்காது உறுப்பை அகற்றிய நாய்களை ஆட்டிப் பார்த்தார்; அவை வாந்தி எடுக்கவில்லை. இரண்டாம் உலகப்போரில் தரையிறங்கு படகுகளில் சிப்பாய்கள் துவண்டு விழுந்தபோது இந்த ஆராய்ச்சி சூடுபிடித்தது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பிலிப் பார்டும் அவருடைய குழுவினரும் நாய்களை ஊஞ்சலில் வைத்து ஆட்டினார்கள். மூளையின் ஒவ்வொரு பகுதியாக நீக்கிவிட்டு மறுபடி ஆட்டினார்கள். சிறுமூளையின் அடியிலுள்ள நாட்யூலஸ் என்ற சிறு முடிச்சை எடுத்துவிட்டால் வாந்தி நின்றுவிடுகிறது என்று 1947-ல் அறிவித்தார்கள்.

அதே ஆண்டு, அதே ஹாப்கின்ஸில், தோல் தடிப்புக்கு மாத்திரை சாப்பிட்ட கர்ப்பிணி ஒருத்தி, டிராமில் போனால் வரும் குமட்டல் இப்போது வருவதில்லை என்றாள். டாக்டர் லெஸ்லி கே அந்த மாத்திரையை நவம்பரில் நியூயார்க்கிலிருந்து ஜெர்மனிக்குக் கிளம்பிய துருப்புக் கப்பலில் சோதித்தார். டிரமமைன் என்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்து பிறந்தது. நம் ஊரில் மலையேறுமுன் போடுகிற அவோமினும் அந்த மருந்தின் உறவுதான்.

மனிதருக்கு மருந்து வந்துவிட்டது. நாய்க்கு? பல பத்தாண்டுகள் நம் மாத்திரையைத்தான் உடைத்துக் கொடுத்தார்கள். நாய்களின் வாந்திக்கென்றே உருவான மாரோபிடன்டுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது 2007-ல். மூளையின் வாந்தி மையத்தைத் தூண்டும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருளை அது தடுக்கிறது. ஷோபெர்க்கின் நாய்களுக்கும் இந்த மாத்திரைக்கும் இடையே 76 ஆண்டுகள். கடன்பட்டவர்கள் எடுத்துக்கொண்ட தவணை அது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

இப்போது செம்பி சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் வண்டி எடுக்கிறேன். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். முதல் வாரம் முழுதும் எஞ்சினைப் போடாமலே அவளை உள்ளே உட்காரவைத்துப் பழக்கினேன். உங்கள் வீட்டு நாய்க்கும் வண்டியில் எச்சில் ஒழுகினால் திட்டாதீர்கள். உங்கள் மாத்திரையைக் குத்துமதிப்பாகக் கொடுக்காதீர்கள். அதன் எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் அளவை வாங்கிக் கொடுங்கள்.