நெடுந்தீவின் கல்வேலிகள்

சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில், 1996ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற தட்சிணசித்திரா அருங்காட்சியகத்தில், செட்டிநாட்டு வணிகர் இல்லம் ஒன்று பிரித்துக் கொணரப்பெற்று மீண்டும் எழுப்பப்பட்டுள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, குறிகட்டுவானிலிருந்து படகேறிச் சென்றடையும் நெடுந்தீவிலோ, பழமை அது பிறந்த இடத்திலேயே நிற்கின்றது.

அங்கு வளவுகளையும் நிலங்களையும் சூழ்ந்திருப்பவை முருகைக்கல் வேலிகள். சாந்தில்லை, சுண்ணாம்பில்லை, கல்லின் கரடுமுரடே கல்லைப் பற்றிக்கொள்ளும். இடைவெளிகளினூடே கடற்காற்று கடந்து செல்லும்.

1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் பெயரால் வழங்கும் கோட்டையின் இடிபாடும் அத்தீவிலுண்டு. அதற்கும் முருகைக்கல்லே பொருள். ஆயினும் கோட்டை சரித்திர நூலில் இடம்பெற்றது. குடியானவன் அடுக்கிய வேலி இடம்பெறவில்லை.

நேயர்களே, வீட்டைப் பெயர்த்துக் காட்சிக்கு வைக்கலாம். கைப்பழக்கத்தைப் பெயர்த்து வைத்தல் இயலாது. சரிந்த கல்லை மீண்டும் எடுத்தடுக்கும் கை உள்ளவரைதான் அவ்வேலி வாழும்.